ஐம்பதில் ஆறு

அயூப் பாய்க்கு ஞாபகம் போய்விட்டது. பீர்க்கன்கரணை ஏரிப் பக்கத்துத் தெருக்களில் மழையைவிட இதுதான் பெரிய பேச்சு. கல்யாண வீடுகளில் ஆயிரம் பேருக்குப் பிரியாணி போட்ட மாஸ்டர். உப்பை அவர் கை அள்ளினால் அதுதான் அளவு. அந்த ஆளுக்கு இப்போது வீட்டில் உப்பு எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை.

தீபாவளிக்கு முந்தின நாள் சாயந்திரம். பெருங்களத்தூரில் ஊருக்குப் போகிற கூட்டம் ரோட்டில் நின்றது. பஸ்ஸைப் பிடிக்கப் பெட்டியோடு குறுக்கே ஓடிய ஒருவரை இடிக்காமல் இருக்க அயூப் ஸ்கூட்டரைச் சட்டென்று திருப்பினார். விழுந்தார். நெற்றியில் தையல் போட்டார்கள். ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்றார்கள். வீட்டுக்கு வந்தவர் டீயைக் குடித்தார். சுவரைப் பார்த்தார்.

"மெஹரு, இது யார் வூடு?"

மெஹர் பானு கையிலிருந்த தம்ளரைக் கீழே வைத்தாள்.

"இன்னாங்க இது? நம்ம வூடு."

"நம்ம வூடு பல்லாவரத்துல இல்ல கீது?"

பல்லாவரத்து வீட்டைக் காலி செய்து மூன்று வருஷம். அந்த மூன்று வருஷம் அவரிடம் இல்லை. மறுநாள் பக்கத்து வீட்டு எல்லம்மா வந்து எதிரே குந்தினாள்.

"பாய், நான் யாரு?"

"தெரியலியேம்மா."

"எல்லம்மா, பாய். போன வருசம் உங்க பெரிய குக்கர வாங்கினு போனேனே."

"குக்கரா? இல்லியே."

"அதுவும் மறந்துச்சா?" எல்லம்மா மெஹர் பானுவைப் பார்த்துக் கண்ணடித்தாள். "அப்ப நல்லதாப் போச்சு."

அன்றைக்கு மெஹர் பானு சிரித்தாள். கொஞ்ச நாளில் வந்துவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வரவில்லை. இருந்ததும் போக ஆரம்பித்தது. காலையில் சொன்னதை மத்தியானம் கேட்டார். தாளிக்கிற வாசனை வந்தால் எழுந்து வெளியே போனார். அடுப்பங்கரைப் பக்கமே வருவதில்லை. மூன்று கல்யாண ஆர்டர் கை மாறிப்போனது.

கை மட்டும் மறக்கவில்லை. பூண்டு மூட்டையை அவர் முன்னால் கொட்டினால் விரல்கள் தாமாக உரித்தன. அவர்கள் வீட்டில் பூண்டு உரிப்பது குடும்ப வேலை. மற்ற மாஸ்டர்களுக்கும் இஞ்சி பூண்டு அரைத்துக் கொடுப்பாள் மெஹர் பானு. வாசலில் மழை பெய்துகொண்டிருக்கும். புருஷனும் பெண்டாட்டியும் எதிரெதிரே உட்கார்ந்து உரிப்பார்கள். தோல் காற்றில் பறந்து ஈரத் தரையில் ஒட்டும்.

அப்படி உட்கார்ந்திருந்த ஒரு நாள்தான் அவள் அதைக் கேட்டாள்.

"என் ஆப்ரேசன் ஞாபகம் கீதா?"

"இன்னா ஆப்ரேசன்?"

"கர்ப்பப்பை எடுத்தாங்களே. நீங்கதான கூட இருந்தீங்க."

அயூப் பூண்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "உனக்கு ஆப்ரேசன் ஆச்சா? எப்போ?"

மெஹர் பானு எழுந்து பின்பக்கம் போனாள். குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். பொம்பளைங்க வார்டில் ஆண்களை விடமாட்டோம் என்று சொன்ன நர்ஸிடம் கெஞ்சி, கட்டிலுக்குக் கீழே துண்டு விரித்துப் படுத்துக் கிடந்த மனுஷன். மகள் அனம்கூட அப்படிப் பார்த்துக்கொள்ளவில்லை. அது அவர் தலையிலிருந்து அழிந்துவிட்டதென்றால், அது நடந்ததை இனி அவள் ஒருத்தி மட்டும் சுமக்க வேண்டும்.

அந்த வாரமே ஜக்கரியா பாய் வந்தார். கல்யாணங்களுக்குத் தேக்சா என்கிற பிரியாணி அண்டாவும் அடுப்பும் வாடகைக்கு விடுகிறவர். அயூப் சமைக்கிற இடத்தில் ஜக்கரியாவின் தேக்சாதான். இருபத்தைந்து வருஷமாக அப்படி. வந்தவர் நாற்காலியில் உட்காராமல் நின்றார்.

"தங்கச்சி, ஒரு விஷயம். உனக்குச் சொல்லிகீறானான்னு தெரியாது. நம்ம அனம எங்க பையன் ஃபயாஸுக்குத் தர்றதா மச்சான் வாக்கு குடுத்துகீறான்."

"எப்பண்ணா?"

"போன வருசம். தம் மேல கை வெச்சு."

மெஹர் பானுவுக்கு அதன் அர்த்தம் தெரியும். அரிசியும் கறியும் சேர்ந்து, மூடியைப் போட்டு, விளிம்பில் மாவு அடைத்து, மேலே நெருப்புக் கங்கைப் பரப்பினால் அதுதான் தம். நேரம் ஆகாமல் யாரும் திறக்கக் கூடாது. அந்த நேரத்தில் மூடிக் கைப்பிடியில் கை வைத்துச் சொன்ன பேச்சு திரும்பாது. இது எந்த வேதக் கிதாபிலும் இல்லை. அந்த இரண்டு பேருக்குள் வைத்துக்கொண்ட சட்டம். கூலித் தகராறு, ஆர்டர் பங்கு, எல்லாம் அப்படித்தான் பேசி முடிப்பார்கள். இதுவரை ஒன்றும் மாறினதில்லை.

"மச்சான்," என்று ஜக்கரியா அயூப் பக்கம் திரும்பினார். "தேதி வெக்கலாம்னு சொன்னேனே. அது கூடவா ஞாபகம் இல்ல?"

"எந்தத் தேதி மச்சான்?"

ஜக்கரியாவின் முகம் சுருங்கியது. கோபமில்லை, பயம்.

"சரி வுடு. மறந்தவன்கிட்ட வாக்கக் கேக்கக் கூடாது, பாவம். தாம்பரத்துல ஞாபகத்துக்குன்னு டெஸ்ட் எடுக்கறாங்களாம். எடுங்க. ஞாபகம் கீதுன்னா வாக்கும் கீது. பூட்ச்சுன்னா வாக்கும் பூட்ச்சு. நான் ஒண்ணும் கேக்கமாட்டேன்."

நாவலூர் ஆபீஸிலிருந்து அனம் வந்ததும் மெஹர் பானு விஷயத்தைச் சொன்னாள். அனம் செருப்பைக் கழற்றிக்கொண்டே இருந்தாள். கழற்ற அத்தனை நேரம் ஆகாது.

"மொதல்ல அத்தா சரியாகட்டும்மா," என்றாள்.

*

ஆஸ்பத்திரியில் டெஸ்ட் காலையில் தொடங்கி மத்தியானம் வரை போனது. மெஹர் பானு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து தஸ்பீஹ் மணி உருட்டினாள். மறுவாரம் முடிவு சொல்லக் கூப்பிட்டார்கள். டெஸ்ட் எடுத்தவள் ஜெரூஷா என்கிற சைக்காலஜிஸ்ட். சின்ன வயசு. மேஜையில் பாதி தின்ற சமோசா இருந்தது. இவர்களைப் பார்த்ததும் அதைக் காகிதத்தால் மூடினாள்.

"அம்மா உள்ள இருக்கலாமா சார்?"

அயூப் தலையாட்டினார்.

"சார், நிறைய டெஸ்ட் பண்ணோம். அதுல ஒண்ணைப் பத்திதான் முக்கியமாப் பேசணும். ஐம்பது படம் காட்டினேன், ஞாபகம் இருக்கா?"

"படமா?" என்றார் அயூப்.

ஜெரூஷா மெஹர் பானுவைப் பார்த்துச் சொன்னாள். "சாதாரணப் படம்மா. வீட்ல, ரோட்ல பாக்கற சாமானுங்க. ஒவ்வொண்ணாக் காட்டிட்டு, அப்புறம் ரெண்டு ரெண்டா வைப்பேன். ஒண்ணு காட்டினது. இன்னொண்ணு புதுசு. காட்டினதைத் தொடணும். பாக்கத்தான் கஷ்டமா இருக்கும், ரொம்ப ஈசி. தலையில பலமா அடிபட்டவங்ககூட நாப்பத்தஞ்சு, நாப்பத்தெட்டு வாங்கிடுவாங்க."

"இவரு எவ்ளோ?"

"ஆறு."

மெஹர் பானு முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள். "அவ்ளோ மோசமா பூட்ச்சா?"

"அய்யோ, அழாதீங்க. ஆறு மோசம்னு சொல்லல. ஆறு வரவே கூடாது."

"புரியல மேடம்."

"ஒண்ணுமே ஞாபகம் இல்லாத ஒருத்தர்னு வைங்க. படத்தையே பாக்காதவர். அவர் என்ன பண்ணுவார்? குத்துமதிப்பாத் தொடுவார். ரெண்டுல ஒண்ணு. பாதி சரியா வரும், பாதி தப்பா வரும். இருபத்தஞ்சு வரும். கொஞ்சம் முன்னப்பின்ன ஆகலாம். ஆனா ஆறு வராது."

மெஹர் பானு முந்தானையை எடுத்தாள். கை விரல்கள் மடியில் எதையோ எடுத்து எதையோ போட்டன.

"மேடம், ஒரு கூடையில வெள்ள முட்ட பாதி, செவப்பு முட்ட பாதி கலந்து கீது. கண்ண மூடினு அம்பது எடுத்தா பாதிக்குப் பாதி வரும்."

"வரும்."

"நாப்பத்திநாலு செவப்பு வந்தா?"

"நீங்களே சொல்லுங்க."

"கண்ணு தொறந்துகினு கீது!"

ஜெரூஷா சிரித்துவிட்டு, சிரித்திருக்கக் கூடாது என்பதுபோல் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "பொய்னு நான் எழுதமாட்டேன்மா. அது எனக்குத் தெரியாது. சரியான படம் எதுன்னு தெரிஞ்சாத்தான் இவ்வளவு தப்பு பண்ண முடியும். அதனால ஞாபகக் குறைவு இருக்குன்னு என்னால சொல்ல முடியாது. அதோட என் வேலை முடிஞ்சுது. ஏன்னு சார்தான் சொல்லணும். இப்படி வர்றவங்க எல்லாரும் ஏமாத்த வர்றதில்ல. ஏதோ ஒரு பயம் இருக்கும், சொல்ல வழி தெரியாது." அவள் அயூப் பக்கம் திரும்பினாள். "சார், ஏதாவது சொல்றீங்களா?"

அயூப் மின்விசிறியைப் பார்த்தார். எழுந்தார்.

"பாத்ரூம் எந்தப் பக்கம்மா?"

"போன வாரம் போனீங்களே சார்."

"அதான், மாடிப்படி பக்கத்துலயா?" என்றார் அயூப். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே கேட்டது.

*

வாசலுக்கு வந்ததும் மெஹர் பானு குடையை விரிக்கவில்லை. அதை மடக்கினபடியே பிடித்து அவர் தோளில் ஒன்று போட்டாள். வாட்ச்மேன் திரும்பிப் பார்த்தான்.

"யோவ்! அப்ப எல்லாம் ஞாபகம் கீதாய்யா?"

இருபத்தேழு வருஷத்தில் அவரை அவள் 'யோவ்' என்று கூப்பிட்டதில்லை. அயூப் நனைந்துகொண்டு நின்றார்.

"கத்தாத மெஹரு. ஆளுங்க பாக்கறாங்க."

"பாக்கட்டும்! எம் புருசனுக்கு எல்லாம் ஞாபகம் கீதுன்னு பாக்கட்டும்!"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கினால் அழுகையாக வந்தது. சரி, இரண்டும் வரட்டும் என்று விட்டுவிட்டாள். ஆட்டோக்காரர்கள் ஏதோ கெட்ட செய்தி என்று நினைத்து வண்டியைக் கிட்டே கொண்டுவந்தார்கள். வேண்டாம் என்று கையாட்டி, புருஷனை இழுத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் போனாள். டீக்கடைத் தகரத்தின்கீழ் ஒதுங்கினார்கள். கடைக்காரன் வடை போட்டுக்கொண்டிருந்தான். எண்ணெயில் மழைச் சாரல் தெறித்துப் பொரிந்தது.

"நாலு வட, ரெண்டு டீ," என்றாள். "இப்ப சொல்லு."

"இன்னாத்த சொல்றது?"

"எங்க ஆரம்பிச்சுதோ அங்கேந்து சொல்லு."

அயூப் வடையைப் பிட்டார். தின்னவில்லை.

"விழுறதுக்கு ஒரு வாரம் முன்னாடி ஜக்கரியா தேதி கேட்டான். அனம பஸ் ஏத்தி வுடப் போறப்ப வண்டியில அவகிட்ட சொன்னேன். வேணாம் அத்தான்னு சொல்லிச்சு. ஃபயாஸ் எனக்கு அண்ணன் மாதிரி, ஒண்ணா தேக்சாவுக்குள்ள ஒளிஞ்சு வெளையாடினவங்க, எப்படின்னு கேட்டுச்சு. நான் இன்னா சொல்லுவேன்? அத்தா பாத்துக்கறேன்னு சொல்லிட்டேன்."

"அது சரி. அவள கேக்காம வாக்கு குடுத்தது யாரு?"

"நான்தான். அன்னிக்கு எட்டு தேக்சா. அத்தனையும் பதமா வந்துச்சு. ஒரு சந்தோசத்துல கைய வெச்சுட்டேன்."

"என்னியும் கேக்கல."

"கேக்கல."

மெஹர் பானு ஒரு வடையை முழுசாகத் தின்றாள். "அப்பறம்?"

"ஆஸ்பத்திரில கண்ண தொறக்கறேன், எதிர்ல அவன் நின்னு அழுவுறான். சீக்கிரம் எழுந்திரு மச்சான், நிக்காஹ் தேதி வெக்கணும்னு. தல கிர்ருனு சுத்துது. யாரு நிக்காஹ்னு கேட்டேன். அப்ப நெஜமாவே வெளங்கல மெஹரு, சத்தியமா. அவன் மெர்சலாயிட்டான். வாய மூடிட்டான். எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு. இருபத்தஞ்சு வருசத்துல தம் மேல கை வெச்சத நான் மாத்தினதில்ல. மாத்தறேன்னு சொல்றதுக்கு வாய் வரல. மறந்துட்டேன்னா மாத்தின மாதிரி இல்லியே."

"அத மட்டும் மறந்திருக்கலாம்ல? வூட்ட எதுக்கு மறந்த? எல்லம்மாவ எதுக்கு மறந்த?"

"அத மட்டும் மறந்தா யாரு நம்புவா? முழுசா மறக்கணும்."

அதுதான் அயூப். வெங்காயம் அரிந்தால் ஒரே கனத்தில் அரிய வேண்டும். பாத்திரம் கழுவினால் அடிப்பக்கமும் மின்ன வேண்டும். எடுத்த வேலையை அரைகுறையாக விட அவருக்கு வராது. ஞாபகத்தை இழப்பதென்று முடிவு செய்தார். ஒழுங்காக இழந்தார்.

"அந்தப் பொண்ணு படம் காட்டி, தொட்டப்பலாம் தப்பு, தப்புன்னு சொல்லிகினே வந்துச்சு," என்றார். "வேல சரியாப் போவுதுன்னு நெனச்சேன்."

மெஹர் பானுவுக்கு டீ மூக்கில் ஏறியது. டீக்கடைக்காரன் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். இருமி முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"அப்ப அந்த ஆறு? அத மட்டும் எப்படிச் சரியாத் தொட்ட?"

அயூப் ரோட்டைப் பார்த்தார். ஒரு பஸ் தண்ணீரை வாரி அடித்துக்கொண்டு போனது.

"ஒரு பான படம் வந்துச்சு. நம்ம தேக்சா மாதிரியே. அத பாக்கலன்னு சொல்ல கை வரல. அப்பறம் ஒரு கரண்டி."

"ரெண்டாச்சு."

"இன்னும் மூணு, ஏதோ கை தவறிப் பட்டுச்சு."

"இன்னொண்ணு?"

"சீப்பு."

மெஹர் பானு தம்ளரைக் கீழே வைத்தாள்.

"ஆப்ரேசன் ஆன மூணாம் நாளு," என்றார் அயூப். "தல வாரிவுடச் சொல்லி அழுத. ஒரே சிக்கு. எனக்கு வாரத் தெரியாது. ரெண்டு சீப்பு ஒடஞ்சுது. பக்கத்துக் கட்டில் அம்மா அவங்க சீப்பக் குடுத்து, எண்ணெ தடவி அடியிலேந்து வாருய்யான்னு சொன்னாங்க. அப்பறம் பின்னல் போட்டேன். கோணலா. நர்ஸுலாம் சிரிச்சாங்க."

மழை தகரத்தில் கொட்டியது. மெஹர் பானு அவர் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள். தோளில் எங்கே குடையால் அடித்தாளோ அங்கே கை வைத்தாள்.

"வலிக்குதா?"

"கொஞ்சம்."

"வலிக்கட்டும்."

போன் அடித்தது. அனம்.

"அம்மா, என்ன சொன்னாங்க?"

"உங்க அத்தா ஃபெயிலு."

"ஃபெயிலா?" அந்தப் பக்கம் குரல் உடைந்தது. "எல்லாம் என்னாலதாம்மா. நான் அன்னிக்கு வண்டியில அப்படிச் சொன்னதுலேந்து அத்தா..."

"அடி லூசு, கேளு. ஃபெயில்னாதான் பாஸு. நாப்பத்திநாலு தப்பு, தெரியுமா? வேணும்னே! எல்லாம் ஞாபகம் கீது. நீ வேணாம்னு சொன்னதும் ஞாபகம் கீது. வூட்டுக்கு வா, வெவரமா சொல்றேன்."

அனம் அழுதாளா சிரித்தாளா என்று போனில் தெரியவில்லை. மெஹர் பானு போனை மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஜக்கரியா அண்ணன் வூட்டாண்ட வந்து நிப்பாரு. இன்னா சொல்றது?"

அயூப் இதற்குக் காத்திருந்தவர்போல் சட்டென்று சொன்னார். "ஞாபகம் வராதுன்னு சொல்லிடேன். அவனேதான சொன்னான், ஞாபகம் பூட்ச்சுன்னா வாக்கும் பூட்ச்சுன்னு. டெஸ்ட்ல இன்னா வந்துச்சுன்னு அவனுக்கு எங்க தெரியப்போவுது? அனமுக்கும் பேஜாரு இல்ல, அவனுக்கும் மனக்கஷ்டம் இல்ல."

சுலபம்தான். ஒரு வார்த்தை. அதோடு முடிந்துவிடும். மெஹர் பானு அந்த வார்த்தையை மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள்.

"சரி, சொல்லிடறேன்," என்றாள். "அப்பறம் நீ ஆயுசுக்கும் மறந்துகினே இருக்கணும். தேக்சாவத் தொடக் கூடாது. எல்லம்மாவ தெனம் யாருன்னு கேக்கணும். என் தலைய வாரினத மறுபடியும் மறக்கணும். முழுசா. முடியுமா?"

அயூப் கையிலிருந்த வடை ஆறிப்போயிருந்தது. அதைத் தின்றார். இன்னொன்று எடுத்தார். அதையும் தின்றார்.

"நான் சொல்றேன்," என்றார். "நீ வாய தொறக்காத. நான்தான் கைய வெச்சேன்."

*

ஜக்கரியாவின் மினிலாரி வாசலில் நின்றது. பின்னால் நான்கு தேக்சா கவிழ்த்துக் கட்டியிருந்தது. தார்ப்பாயில் தேங்கின மழைநீரைக் கையால் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தார் ஜக்கரியா. ஆட்டோவைப் பார்த்ததும் ஓடி வந்தார்.

"இன்னா சொன்னாங்க தங்கச்சி?"

மெஹர் பானு புருஷனைப் பார்த்தாள். அயூப் ஆட்டோவிலிருந்து இறங்கி, நாலடி நடந்துபோய், கட்டியிருந்த தேக்சா ஒன்றின் மேல் கை வைத்தார்.

"மச்சான், தம் மேல கை வெச்சேன். ஞாபகம் கீது."

"அல்ஹம்துலில்லாஹ்!" ஜக்கரியா அவரைக் கட்டிக்கொண்டார். முதுகில் அடித்தார். முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பார்த்தார். "எப்படா வந்துச்சு? இன்னிக்கா? ஊசி கீசி போட்டாங்களா? நான் கோவளம் தர்காவுக்குப் போய் அழுதேன்டா உனக்கு!"

"மொத நாள்லேந்து கீது."

ஜக்கரியாவின் கைகள் அவர் கன்னத்தில் அப்படியே நின்றன.

"எது?"

"ஞாபகம். போவவே இல்ல. நடிச்சேன். அனம் வேணாம்னு சொல்லிடுச்சு மச்சான். ஃபயாஸ அண்ணன்னு சொல்லுது. பொண்ண கேக்காம நான் கைய வெச்சேன். தப்பு என்மேல. குடுத்தத எடுக்கறேன்."

சொல்லிவிட்டுக் கையைத் தேக்சாவிலிருந்து எடுத்தார்.

தெருவில் எல்லம்மா வீட்டு ஜன்னல் திறந்தது. ஜக்கரியா பின்னால் நகர்ந்தார்.

"வேணாம்னு ஒரு வார்த்த. அத சொல்ல வாய் வரல. மண்ட மழுங்கின மாதிரி கெடக்க மட்டும் வந்துச்சா? அம்மாம் நாளு? நான் போறப்ப வரப்பலாம் வாசல்ல நின்னு உன்ன எட்டிப் பாத்துட்டுப் போவேன்டா. தூக்கம் இல்ல எனக்கு."

"தெரியும். பாத்தேன்."

"பாத்தியா!"

ஜக்கரியா வண்டியில் ஏறினார். கதவை அறைந்து சாத்தினார். வண்டி தெருக்கோடிக்குப் போனது. அங்கே ஏரி நிரம்பித் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். கோபமாகப் போன வண்டி நின்றது. இஞ்சின் உறுமியது. அப்புறம் பின்பக்கமாகவே, மெதுவாக, பீப் பீப் என்று சத்தம் போட்டுக்கொண்டு, திரும்பி அவர்கள் வாசலுக்கே வந்தது. மெஹர் பானு சிரிக்காமல் இருக்க உதட்டைக் கடித்தாள். எல்லம்மா கடிக்கவில்லை.

ஜக்கரியா கண்ணாடியை இறக்கினார். முன்னால் பார்த்துக்கொண்டே பேசினார்.

"ஞாயித்துக்கெழம பெருங்களத்தூர் மண்டபம். நாலு தேக்சா. உனக்கு பதிலு ஒருத்தனக் கூட்டியாந்தேன், போன வாரம் அரிசியக் களி கிண்டிட்டான். வா. உன்கூட பேசமாட்டேன். ஆனா வா."

"பாய், அந்தக் குக்கரு?" என்று எல்லம்மா ஜன்னலிலிருந்து கேட்டாள். "அது ஞாபகம் வந்துடுச்சா?"

"நாளைக்குக் குடுத்துடு எல்லம்மா," என்றார் அயூப்.

*

ஞாயிற்றுக்கிழமை மழை விட்டிருந்தது. மண்டபத்தின் பின்பக்கம் செங்கல் அடுக்கி அடுப்பு மூட்டினார்கள். அயூப் விடியும்போதே வந்துவிட்டார். நெற்றித் தழும்புக்கு மேல் துண்டைக் கட்டிக்கொண்டார். எண்ணெய் காய்ந்து பட்டையும் ஏலக்காயும் வெடித்தன. மெஹர் பானுவும் இரண்டு பெண்களும் முட்டை உரித்தார்கள். அனம் லீவு நாளென்று கூட வந்து தால்ச்சாக் குழம்புக்குக் கத்தரிக்காய் அரிந்தாள். ஃபயாஸ் கரி மூட்டையைத் தூக்கிக்கொண்டு அவளைத் தாண்டிப் போனவன் நின்றான்.

"காம்போடதான் போடுவியா? கழுவினியா?"

"போடா. நீ கரியத் தூக்கற வேலையப் பாரு."

ஜக்கரியா யாரிடமும் பேசவில்லை. விறகைத் தள்ளினார். தண்ணீர் ஊற்றினார். அயூப்புக்கு எது எப்போது வேண்டுமோ அது கேட்பதற்கு முன்னால் அவர் கையில் இருந்தது. கரண்டி, புதினா, தயிர்க் குடம். ஒரு வார்த்தை இல்லாமல் நீட்டினார். அயூப் ஒரு வார்த்தை இல்லாமல் வாங்கினார்.

அயூப் உப்பை அள்ளினார். ஒரு கணம் கை நின்றது. மெஹர் பானுவின் கையிலிருந்த முட்டையும் நின்றது. பிஸ்மில்லா சொல்லி வீசினார்.

மூடி போட்டார்கள். மாவு அடைத்தார்கள். ஃபயாஸ் நெருப்புக் கங்குகளை வாரி மேலே பரப்பினான். தம்மில் வைத்துவிட்டு இரண்டு பேரும் பக்கம் பக்கமாக நின்றார்கள். ஜக்கரியா இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். அயூப் அதைப் பார்த்தார். அவரும் கட்டிக்கொண்டார்.

நேரம் ஆனது. திறந்தார்கள். ஆவி மேலே எழும்பி மண்டபத்து ஓரத்து வேப்பமரம் வரை போனது. பந்தலில் பேச்சு அடங்கி எல்லாத் தலையும் பின்பக்கம் திரும்பின. அயூப் தட்டில் கொஞ்சம் எடுத்து ஊதி, ஜக்கரியாவிடம் நீட்டினார். முதல் வாய் எப்போதும் தேக்சாக்காரருக்கு.

ஜக்கரியா தின்றார். மென்றார். இத்தனை நாளைக்குப் பிறகு அயூப்பின் முகத்தைப் பார்த்தார்.

"அரிசி கொழஞ்சிடுச்சு," என்றார்.

மெஹர் பானு தட்டை எட்டிப் பார்த்தாள். அரிசி மல்லிகைப்பூ உதிர்த்த மாதிரி ஒன்றோடொன்று ஒட்டாமல் கிடந்தது.

"கறி வேகல."

எலும்பிலிருந்து கறி தானாகக் கழன்று விழுந்திருந்தது.

"உப்பும் இல்ல."

மெஹர் பானு ஒரு பருக்கையை எடுத்து நாக்கில் வைத்தாள். மூன்றுக்கு மூன்று தப்பு. குருட்டாம்போக்கில் சொன்னால்கூட ஒன்றாவது சரியாக வந்திருக்கும். அவளுக்கு ஜெரூஷாவின் மூடிவைத்த சமோசா ஞாபகம் வந்தது, கூடவே சிரிப்பும் வந்தது. அதை மறைக்க முட்டைக் கூடைப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஜக்கரியா காலித் தட்டை நீட்டினார்.

"போடு," என்றார். "இன்னும் கொஞ்சம் அடியிலேந்து போடு."